மானமும் கோடும்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை தாங்காத ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார். மனு கொடுத்தும் பலன் காணாத குடும்பம் அது. நால்வருமே பிழைக்கவில்லை.

அதைப் பார்த்து கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் போட்டார். தரையில் ஒரு குழந்தை எரிந்துகொண்டு கிடக்கிறது. சுற்றி ஆடையில்லாமல் மூவர்: முதல்வர், ஆட்சியர், காவல்துறை ஆணையர். மறைக்க வேண்டியதை ரூபாய் நோட்டுகளால் மறைத்தபடி நிற்கிறார்கள். நவம்பர் 5 அன்று பாலாவைச் சென்னையில் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது.

ஆபாசம் என்பதுதான் படத்தின் மீது வந்த பெரிய புகார். எனக்கு அது ஆபாசமாகத் தெரியவில்லை. தமிழில் மானம் என்றால் உடம்பை மறைப்பதும் மானம்தான், தலை நிமிர்ந்து வாழ்வதும் மானம்தான். அந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த படம் அது. குழந்தை எரியும்போது தன் மானத்தை மட்டும் காப்பாற்றப் பார்க்கிற அதிகாரத்துக்கு மானம் இல்லை என்று அது சொல்கிறது. இதையே தலையங்கமாக எழுதியிருந்தால் நாலு பத்தி ஆகியிருக்கும். அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. பாரதி 1906-இல் ‘இந்தியா’ பத்திரிகையின் முகப்பிலேயே படம் போட்டதற்கும் இந்த வலிமைதான் காரணமாக இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் படத்தைப் பார்த்த கணத்தில் புரிந்துகொள்வான்.

ஆனால், அந்த வலிமைக்கு உள்ளேயே ஒரு குறையும் இருக்கிறது. ‘ஆனால்’ என்ற சொல்லைப் படமாக வரைய முடியாது.

கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் வரைந்த அம்பேத்கர் படத்தை எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன் மேல் அம்பேத்கர். பின்னால் சாட்டையோடு நேரு. சட்டம் எழுதி முடிக்கத் தாமதமாகிறது என்ற அன்றைய பேச்சுதான் படத்தின் கருத்து. தாமதம் ஏன் என்பதற்கு அதில் இடம் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரே விளக்கம் சொன்னார்: முன்மொழியப்பட்ட 2,473 திருத்தங்களை இந்தச் சபை பார்த்து முடிக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கையை எந்தத் தூரிகையால் நத்தையின் முதுகில் ஏற்றுவது?

அந்தப் படம் என்சிஇஆர்டியின் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. 2012-இல் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் அதை எழுப்பினார். அரசு மன்னிப்புக் கேட்டது, படம் நீக்கப்படும் என்றது. பாடநூலின் தலைமை ஆலோசகர்களான சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினார்கள். புணேயில் பல்ஷிகரின் அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அது குற்றம், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதற்காக எதிர்ப்புச் சொன்னவர்களை நகைச்சுவை தெரியாதவர்கள் என்று ஒதுக்கியதையும் என்னால் ஏற்க முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சாட்டைக்கு முன்னால் நிற்க வைக்கப்பட்ட வீட்டிலிருந்து வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு, அந்தப் படத்தில் முதலில் தெரிவது சாட்டைதான். அன்றன்றைய பத்திரிகை வாசகனுக்காக வரைந்த படம், 63 ஆண்டு கழித்து வேறு கண்களின் முன் வந்து நிற்கிறது. வரைந்தவரின் நோக்கம் அந்தக் கண்களோடு கூடவே வருவதில்லை.

நம் பத்திரிகைப் படங்களிலும் இந்தக் கோளாறு உண்டு. தலைவரின் கொள்கையைத் தொடாமல் நிறத்தை, பல்லை, உடல் பருமனை வரைவது. பெண் தலைவர் என்றால் சமையற்கட்டையும் புடவையையும் வைத்துக் கேலி செய்வது. அதிகாரத்தைக் குத்த வேண்டிய பேனா, பிறப்பைக் குத்துகிறது. இது சோம்பல். இதைக் கண்டித்து எழுத வாசகனுக்கு எல்லா உரிமையும் உண்டு. கார்ட்டூனிஸ்ட் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கண்டிக்கிற வேலையைக் காவல் நிலையத்திடம் ஒப்படைப்பதுதான் ஆபத்து. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில், எம்.எல்.ஏ.வை ஜேப்படிக்காரராகவும் மந்திரியைக் கொள்ளைக்காரராகவும் காட்டிய ஒரு சிரிப்பு வந்தது. உரிமை மீறல் என்று சொல்லி ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களில் விடுவித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். கைது செல்லாது என்று 1994-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இப்போது ஆளைப் பிடிக்கவே தேவையில்லை. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கிட்டு அனுப்பியதை வைத்து விகடன் பிளஸ் இதழில் ஒரு படம் வந்தது: டிரம்ப்பின் அருகில் சங்கிலியோடு பிரதமர் மோடி. சில நாளில் விகடன் இணையதளம் முழுவதையும் வாசகர்களால் திறக்க முடியாமல் போனது. சமையல் குறிப்பு, சிறுகதை, விவசாயச் செய்தி எல்லாம் அந்த ஒரு படத்தோடு சேர்ந்து மறைந்தன. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இணையதளத்தின் மீதான தடையை நீக்கச் சொன்னது. அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.