உமர் (ரலி), காமராஜர்: ஓர் ஒப்பீட்டின் அளவுகோல்

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களையும் பெருந்தலைவர் காமராஜரையும் ஒப்பிட்டுப் பேசும் மேடைகள் விருதுநகர் வட்டாரத்தில் நமக்குப் புதியன அல்ல. ஒட்டுப்போட்ட ஆடை ஒருபுறம், வாடகை வீடு மறுபுறம் என அவ்வொப்பீடு எளிமையில் தொடங்கி எளிமையிலேயே முடிந்துவிடுகிறது. இவை உண்மையே. எனினும் அவ்வெளிமையால் ஏழைக்கு விளைந்தது யாது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

மாவு மூட்டையைத் தம் முதுகில் சுமந்து சென்று, பசித்த பிள்ளைகளுக்கு உமர் (ரலி) சமைத்தளித்த வரலாற்றை யாவரும் அறிவர். இப்னு ஸஅத் தமது 'தபகாத்'தில் தரும் மற்றொரு செய்தி அதனினும் ஆழமானது. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்பது அன்றைய விதி. மதீனாவில் வந்து தங்கிய வணிகர் கூட்டத்தில் இரவெல்லாம் அழுத குழந்தையின் தாயை வினவியபோது, அத்தொகைக்காகவே அவள் முன்கூட்டிப் பாலை நிறுத்த முயல்வது தெரியவந்தது. தம் விதியே பச்சிளங் குழந்தைகளை வாட்டுவதை உணர்ந்து கலீஃபா கலங்கினார்; ஃபஜ்ருக்குப் பின், பிறந்தது முதலே தொகை உண்டு என அறிவிக்கச் செய்தார். மூட்டை ஒரு குடும்பத்தின் பசி தீர்த்தது; திருத்திய விதியோ முகமறியாக் குழந்தைகளையும் சென்றடைந்தது.

காமராஜரை இவ்விடத்தில் வைத்தே ஒப்பிடல் வேண்டும். 1903இல் விருதுநகரில் பிறந்து, இளமையில் தந்தையை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். 1954இல் முதலமைச்சராகி, 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1867இல் வடலூரில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு, நாடி வந்தோரின் பசியாற்றியது. காமராஜரின் திட்டமோ பிள்ளையின் பசியை அரசின் பொறுப்பாக்கிற்று.

ஆயினும் புகழ்ச்சி நம் கண்ணை மறைத்தலாகாது. அவர் பிறந்த மண்ணுக்கு அருகிலேயே, சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பிள்ளைகள் பல்லாண்டு உழைத்தனர். பிள்ளையின் கூலியை நம்பிய வீட்டிற்கு ஒருவேளைச் சோறு ஈடாகவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் செலுத்தவும், அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு வழிசெய்யவும் பணித்தது. பிள்ளையை ஆலைக்கு அனுப்பிய காரணத்தை அத்தீர்ப்பு வினவிற்று.

அவ்வினா இன்னும் தீரவில்லை. 2012இல் முதலிப்பட்டியிலும் 2021இல் அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலை வெடித்துக் கூலியாட்கள் மாண்டனர். அவ்வூர்களுக்கு அண்மையில் மேடையேறி இவ்விரு தலைவர்களின் ஆடையையும் வீட்டையும் மட்டும் பேசுவது அவர்களுக்குச் செய்யும் நீதியன்று. அழுகையின் காரணத்தைக் கேட்டதும், தவறென்று கண்ட விதியைத் தாமே மாற்றியதும் பேசப்படட்டும்.