பிரசங்கம் போய் குரல் வந்தது

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பு வெளிவந்தது 1973 மார்ச்சில். ஆனால் 1972 ஜனவரியிலிருந்தே அந்தத் தொகுப்பை மேடை மேடையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிரைட்டனில் முதல் நாள் ‘மணி’ பாட்டின்போது ஒலிநாடா மக்கர் செய்து, பாதியில் நிறுத்த நேர்ந்தது. ராக் பாட்டு உருவாவது மேடையிலா ஸ்டுடியோவிலா என்ற பழைய வழக்கை விசாரிக்க இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யை எடுத்துக்கொள்வோம். மேடையில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட் ஆர்கன் வாசிக்க, அதன்மேல் பைபிள் வாசகங்களும் பத்திரிகையாளர் மால்கம் மக்கரிஜின் பேச்சும் நாடாவிலிருந்து ஒலிக்கும். ரசிகர்கள் கூட்டத்தில் இருந்து பதிந்த நாடாக்களில் இதைக் கேட்கலாம். அந்த இரைச்சலை ஆபி ரோடு ஸ்டுடியோவின் துல்லியத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அமைப்பை மட்டுமே ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் பழைய வடிவம் தோற்கிறது. பாட்டு சாவைப் பற்றியது என்று புரிகிறது, ஆனால் சாவு நம்மைத் தொடுவதில்லை. யாரோ பிரசங்கம் செய்கிறார், நாம் உட்கார்ந்து கேட்கிறோம், அவ்வளவுதான்.

1973 ஜனவரியில் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் மூலம் கிளேர் டோரி என்ற பாடகி இந்தப் பாட்டுக்காக ஸ்டுடியோவுக்கு வந்தார். வயது 25, கூலி 30 பவுண்டு. பாடச் சொல் எதுவும் கிடையாது. தன் குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துப் பாடினார். சில முறை பாடியதும், செய்ததையே திரும்பச் செய்கிறோம் என்று தோன்றி நிறுத்திவிட்டார். அதிகமாகக் கத்திவிட்டோமோ என்று கூச்சப்பட்டு மன்னிப்பும் கேட்டார். அந்தப் பதிவுகளிலிருந்து பொறுக்கி இணைத்ததுதான் நாம் கேட்பது. ஹெட்போனில் கேளுங்கள்: முதல் பாதியில் குரல் அலறலாக ஏறுகிறது. பிறகு பியானோ தணிய, எதிர்த்துக் களைத்துப்போன உடம்பிலிருந்து வருவதுபோல் முனகலாகிறது. பிரசங்கத்தால் முடியாததை இந்த முனகல் செய்துவிடுகிறது.

அப்படியானால் மேடை வெறும் ஒத்திகைதானா? இல்லை. தொடக்க நிகழ்ச்சிகள் ‘பிரெயின் டேமேஜ்’ஓடு முடிந்தன. முடிவு நிறைவாக இல்லை என்று உணர்ந்த குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே ‘எக்லிப்ஸ்’ எழுதிச் சேர்த்தார். அந்தக் குறையைக் காட்டிக்கொடுத்தது மேடை. ‘ஆன் தி ரன்’ இதற்கு எதிர்மாறு. மேடையில் அது கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்த ஒரு நீண்ட வாசிப்பு. ஸ்டுடியோவில் அதைத் தூக்கிவிட்டு, சிந்தசைசரில் எட்டு ஸ்வரங்களை மெதுவாக ஏற்றி வேகம் கூட்டி ஓடவிட்டார்கள். பழைய பாட்டில் மிஞ்சியது தொகுப்பில் அதற்கிருந்த இடம் மட்டுமே. ஆக, எந்த இடத்தில் எது வேண்டும் என்று தீர்த்தது பெரும்பாலும் மேடை. அங்கே என்ன ஒலிக்க வேண்டும் என்று கண்டது ஸ்டுடியோ. ‘கிரேட் கிக்’கில் ரைட்டின் சுருதிக்கோவை ஒரு வருடம் மேடையில் புழங்கிப் பழகியிருக்காவிட்டால், முன்பின் கேட்டிராத ஒரு குரல் வந்து அதன்மேல் இவ்வளவு தைரியமாகச் சாய்ந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பதிவானபின் பாட்டு உறைந்துவிட்டது. 1994 சுற்றுப்பயணத்தில் மூன்று பாடகிகள் அந்தக் குரலைப் பங்கிட்டுப் பாடினார்கள். மூவரும் தேர்ந்தவர்கள். ஆனாலும் காதில் விழுவது மனப்பாடமான அழுகை; அடுத்து என்ன வரும் என்று கூட்டத்துக்கு முன்கூட்டியே தெரியும். 1972இல் அந்த இடத்தில் இசை சுமாராக இருந்தாலும் பாட்டு இன்னும் மாறிக்கொண்டிருந்தது. இதை ஒத்துக்கொண்டுதான் ஸ்டுடியோ வடிவத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறேன்.

தட்டில் இந்தப் பாட்டுக்கு நெடுங்காலம் இசையமைப்பாளராக ரைட்டின் பெயர் மட்டுமே இருந்தது. மேடையில் வாசித்த பாட்டுக்கு அது சரி. டோரி 2004இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசமானது. அதன்பின் வந்த பதிப்புகளில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது.