அபிப்பிராயமும் விமர்சனமும்: சில சிந்தனைகள்

ஈழத்துத் தமிழ் நூல் வெளியீட்டு விழாக்களுக்குச் சென்று பழகியவர்கள் அவற்றின் நிகழ்ச்சி நிரலை நன்கறிவர். தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஈற்றில் நூலாசிரியரின் ஏற்புரை என அது அமையும். நயவுரை நிகழ்த்துபவர் மேடையில் நூலை விதந்துரைப்பார். கூட்டம் கலைந்து தேநீர்க் கடையில் அமர்ந்ததும், அந்நூலை முழுமையாக வாசித்து முடிக்க இயலவில்லை என்று நண்பர்களிடம் கூறுவார். ஒரே நூலைப் பற்றி ஒரே மாலையில் ஒருவரே கூறும் இவ்விரு கருத்துக்களுள் அச்சேறுவது முதலாவதே. இரண்டாவது காற்றோடு போய்விடுகின்றது.

இதனைத் தனிமனித நேர்மையீனம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. நம்மிடையே நூலாசிரியர் பெரும்பாலும் தமது சொந்தப் பணத்திலேயே நூலை அச்சிடுகின்றார். அச்சகக் கடனின் ஒரு பகுதியேனும் வெளியீட்டன்று விற்கும் பிரதிகளாலேயே தீரவேண்டியுள்ளது. அந்நிலையில் மேடையிலிருந்து வரும் கடுஞ்சொல் நூலை மட்டுமன்றி, ஒரு குடும்பத்தின் வரவு செலவையும் தாக்குகின்றது. மேலும், இன்று விமர்சிப்பவர் நாளை தமது நூலுடன் அதே மேடையில் நிற்பவர். எழுத்தாளரும் விமர்சகரும் வாசகரும் ஒருவரையொருவர் அறிந்த சிறிய சமூகத்தில் மனந்திறந்த கருத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை அதிகம்.

இவ்விடத்தில் தமிழ் விமர்சன வரலாற்றின் நன்கறியப்பட்ட விவாதமொன்றை மீள நோக்குதல் பயனுடையது. க. நா. சுப்ரமண்யம் தமது வாசிப்பு அனுபவத்தையே அளவுகோலாகக் கொண்டு எழுதியவர். அவரது நூலொன்றின் தலைப்பே 'படித்திருக்கிறீர்களா?' என்பதாகும். நண்பரொருவர் மற்றொருவரிடம் கேட்கும் கேள்வி அது. பெருவாரியாக விற்பனையான எழுத்தாளர்களைத் தயக்கமின்றி நிராகரிக்கவும், அதிகம் அறியப்படாத மௌனி போன்றோரை முன்னிறுத்தவும் அவருக்குத் துணிவிருந்தது. ஆயினும், ஏன் சிறந்தது என்ற வினாவுக்குப் பல வேளைகளில் அவரிடமிருந்து கிடைத்தது பெயர்ப்பட்டியலே.

பேராசிரியர் க. கைலாசபதி 'திறனாய்வுப் பிரச்சினைகள்' என்ற நூலில் க. நா. சு. குழுவினரின் இப்போக்கினையே ஆய்வுக்கெடுத்துக்கொண்டார். தனிமனித இரசனை வானத்திலிருந்து இறங்கிவருவதன்று. அது வர்க்கத்தாலும் கல்வியாலும் காலத்தாலும் உருவாக்கப்படுவது. எனவே காரணங் கூறாத இரசனை தனது சமூகச் சார்பை மறைத்துக்கொள்கின்றது. இந்த மறுப்பின் வலிமை இன்றும் குன்றவில்லை.

ஆனால், கைலாசபதியின் வழிவந்தோராகத் தம்மைக் கருதிக்கொண்ட நம்மிற் பலர் இம்மறுப்பிலிருந்து தவறான பாடமொன்றைக் கற்றுக்கொண்டோம். இரசனையின் தோற்றத்தை ஆராய்வதற்குப் பதிலாக, இரசனையே இல்லாதவர்போல் எழுதத் தொடங்கினோம். 'பிரச்சினையைத் தொட்டுள்ளார்', 'உழைக்கும் மக்களின் குரல் ஒலிக்கின்றது' என்ற தொடர்கள், நூல் நம்மை என்ன செய்தது என்பதைக் கூறாது தப்பிக்கும் வழிகளாயின. முற்போக்கு அணியினரின் மதிப்பீடுகளோடு வெளிப்படையாக முரண்பட்ட மு. தளையசிங்கத்தின் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யை அக்காலத்திலேயே அமைதியாக வாசித்திருந்தால் நமக்கு நன்மை விளைந்திருக்கும். அவரது முடிவுகள் யாவற்றையும் ஏற்கவேண்டுமென்பதன்று. உடன்பாடின்மையைப் பெயர் குறித்து எழுதலாம் என்பதை அது காட்டியது.

இக்குற்றத்தில் இக்கட்டுரையாளருக்கும் பங்குண்டு. தர்மசேன பத்திராஜ 1970களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் உருவாக்கிய 'பொன்மணி' திரைப்படத்தை முதன்முறை பார்த்தபோது எனக்குச் சலிப்பே மேலிட்டது. பின்னர் மாணவர் கலந்துரையாடலொன்றில் அப்படத்தைப் பற்றிப் பேச நேர்ந்தது. சாதியும் சீதனமும் நம் குடும்பங்களை நெரிப்பதைத் துணிந்து காட்டிய படைப்பு என்று பாராட்டினேன். சலிப்பைப் பற்றி வாய்திறக்கவில்லை. கூறியது பொய்யன்று, ஆனால் அது பாதியே.

கூறியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? ஏன் சலித்தது என்று எவரேனும் வினவியிருப்பர். விடை தேடும்போது, என் சலிப்பின் பெரும்பகுதி சென்னைத் திரைப்படங்கள் எனக்குள் வளர்த்த பழக்கம் என்பது புலப்பட்டிருக்கும். உணர்ச்சியை உரத்த வசனத்தால் அறியப் பழகிய கண்ணுக்கு, மெல்ல நகரும் காட்சியும் பேசாதிருக்கும் முகமும் வெறுமையாகவே தோன்றும். சிங்களக் கலைச் சினிமாவின் நிதானம் யாழ்ப்பாணத்துப் பார்வையாளருக்கு எவ்வளவு அந்நியமாயிருந்தது, ஏன் அந்நியமாயிருந்தது என்ற ஆய்வுக்கு அது வழிகோலியிருக்கும். பழக்கத்தைக் கழித்த பின்னரும் சலிப்பில் எஞ்சுவது எதுவோ அதுவே படத்தின் மெய்யான குறை. மறைத்துவைத்த அபிப்பிராயத்தால் குறையையும் அறியவில்லை, என் இரசனையின் பிறப்பிடத்தையும் அறியவில்லை.

ஆகவே, மனந்திறந்த அபிப்பிராயத்தை விமர்சனத்தின் பகையாகக் கொள்ளாது, அதன் மூலப்பொருளாகக் கொள்வதே தகும். க. நா. சு. அதனைக் கூறியதோடு அமைந்தார். நாம் அதனைக் கூறாமலே கோட்பாட்டுக்குத் தாவினோம். முதலில் அனுபவத்தை உள்ளபடி கூறுதல், பின்னர் அவ்வனுபவம் எங்கிருந்து வந்தது என்று தன்னையே விசாரித்தல், அதன்பின் படைப்பை மதிப்பிடுதல் என்ற ஒழுங்கில் இரு சாராரின் வலிமையும் ஒன்றுசேரும்.

இப்பயிற்சியைத் தொடங்குவதற்குப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் வாசிப்பு வட்டங்கள் பொருத்தமான களங்களாகும். அங்கு தீரவேண்டிய அச்சகக் கடன் இல்லை, பொன்னாடையும் இல்லை. நூலை வாசித்து முடிக்க இயலவில்லை என்று ஒரு மாணவர் எழுந்து கூறினால், அவரை அமரச் செய்யாது, எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர், ஏன் நிறுத்தினீர் என்று கேட்போம். தேநீர்க் கடையில் சிதறிப்போகும் நமது விமர்சனம் அவ்வினாவிலிருந்தே மண்டபத்துக்குள் வரத் தொடங்கும்.