விழாத பயணிகள்

பசைக்கு விளம்பரம் எடுத்துவிட்டு, எதையும் ஒட்டிக் காட்டாமல் இருப்பதற்குத் துணிச்சல் வேண்டும். 2002-இல் வந்த ஃபெவிகால் பேருந்து விளம்பரத்தில் அது இருக்கிறது. ராஜஸ்தானின் வறண்ட வெளியில், மேடும் பள்ளமுமான பாதையில் ஒரு பேருந்து உருண்டு வருகிறது. கூரைமேலும் பக்கவாட்டிலும் ஆட்கள், ஆட்களுக்கு மேல் ஆட்கள். தலைப்பாகைகளுக்கு நடுவே தகரம் எங்கே என்று தேட வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மொத்தக் கூட்டமும் தேனடையில் மொய்த்த ஈக்களைப்போல ஒரே உடம்பாகச் சாய்கிறது, நிமிர்கிறது. ஒருவர்கூட விழவில்லை, யாரும் வாய் திறந்து ஒரு வசனம் பேசுவதுமில்லை. வண்டி நம்மைத் தாண்டிய பிறகுதான் அதன் முதுகில் ஃபெவிகால் பலகை தெரிகிறது. இயக்குநர் பிரசூன் பாண்டே அதுவரை பொறுத்திருக்கிறார் பாருங்கள், அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்தது. சிரிப்பூட்டப் போகிறோம் என்ற நினைப்பே அந்த முகங்களில் இல்லை.

இதே பசைக்கு ஒரு முட்டை விளம்பரமும் உண்டு. எப்படித் தட்டினாலும் அந்த முட்டை உடையாது. அதை இட்ட கோழியோ ஃபெவிகால் டப்பாவில் இரை கொத்திக்கொண்டிருக்கும். அழகான குறும்புதான். ஆனாலும் எனக்குப் பேருந்துதான் ஒரு படி மேல். காலை நேரப் படிக்கட்டில் ஒற்றைக்காலில் தொங்கிப் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் கற்பனையாகவே தெரியாது.