உம்மா இருக்கிறா, அவட நாள் எங்க?

எமது சிறுகதைகளில் உம்மா இல்லாத கதையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கதைகளில் உம்மா கஞ்சி காய்ச்சுவா. தொழுகைப் பாயில் கையேந்தி அழுவா. வெளிநாடு போன மகனின் கடிதத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பா. கடைசியில் மௌத்தாகுவா. பல கதைகள் அவ மௌத்தான பிறகுதான் ஆரம்பிக்கவே செய்கின்றன. ஆனால், ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பிலும் நாலு வயதுப் பிள்ளையைச் சட்டைத் தலைப்பிலும் வைத்துக்கொண்டு ஒரு சாதாரணத் திங்கட்கிழமையைக் கடக்கிற இருபத்தாறு வயது உம்மாவை எத்தனை கதைகளில் கண்டிருக்கிறோம்? நான் வாசித்தவற்றில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன் அப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தாய்மை புகழப்படவில்லை என்பதல்ல எனது முறைப்பாடு. புகழுக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. ஒருவர் நல்லுறவுக்கு மிக உரியவர் யார் என்று கேட்கப்பட்டபோது மூன்று முறை தாயைச் சொல்லி, நாலாவதாகத்தான் தந்தையைச் சொன்ன நபியின் உம்மத் நாங்கள். தாயின் காலடியில் சுவர்க்கம் என்பது மேடையிலும் மிம்பரிலும் வாழ்த்து அட்டையிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. பிரச்சினை அந்தப் புகழ் எழுத்துக்குள் வரும் விதத்தில் இருக்கிறது. காலடியில் சுவர்க்கம் இருப்பதை எழுதுகிறவர், அந்தக் கால் இரவு எத்தனை தரம் எழும்பி நடந்தது என்பதை எழுதுவதில்லை. புகழ் சீக்கிரம் வந்துவிடுகிறது. அது வந்த பிறகு பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. இந்தக் கதைகளைச் சொல்பவர் பெரும்பாலும் வளர்ந்த மகன். அவர் நினைவில் இருந்து எழுதுகிறார், நினைவோ எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைக்கிறது. மகனின் நினைவில் தான் காய்ச்சலாய்க் கிடந்த ஒரு இரவு இருக்கும், உம்மா நெற்றியில் ஈரத்துணி வைத்தது இருக்கும். அந்த இரவுக்கு அடுத்த நாள் விடிய அதே உம்மா மற்றப் பிள்ளைக்கு எப்படிப் பள்ளிச் சாப்பாடு கட்டினா என்பது இருக்காது. ஏனென்றால் அவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

மரபு எங்களுக்குத் தந்தது

மரபில் நிலைமை இதைவிட மோசம் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அப்படியில்லை. செய்யிது அனபியாப் புலவர் 1833இல் பாடிய நபிநாயகம் பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்வோம். பிள்ளைத்தமிழ் என்பது ஆண் புலவர் தாயின் குரலை இரவல் வாங்கிப் பாடும் வடிவம். இரவல் குரல்தான், ஆனால் அதன் பத்துப் பருவங்களும் சும்மா வந்தவையல்ல. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கைதட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை. இந்த மாதக் கணக்கைப் பிள்ளையோடு இருந்து பார்த்தவர்கள்தான் முதலில் கண்டிருக்க முடியும். அதாவது, எங்கோ ஒரு தாயின் அவதானிப்பு இந்த இலக்கணத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது அம்புலிப் பருவம். நிலாவைப் பிள்ளையோடு விளையாட வரும்படி கூப்பிடும் இடம். நிலா வராது. எனவே சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நாலு வழியாலும் பேச வேண்டும் என்று மரபு சொல்கிறது. இது அரச தந்திரத்தில் இருந்து வந்தது என்று விளக்கம் எழுதுவார்கள். இருக்கட்டும். ஒரு பீங்கான் சோற்றை ஊட்டி முடிப்பதற்குள் எங்கட வீட்டு உம்மாமார் இந்த நாலையும் பாவித்து முடித்துவிடுகிறார்கள். "என்ட தங்கப் புள்ளயெல்லோ" என்று தொடங்கி, "அந்தா அடுத்தூட்டுப் புள்ள முழுக்கத் திண்டுட்டான்" என்று போய், "இத திண்டா இனிப்புத் தருவன்" என்று இறங்கி, "வாப்பா வரட்டும், சொல்றன்" என்பதில் முடியும். நாலும் தோற்றால், பீங்கானைத் தூக்கிக்கொண்டு காகத்தைக் காட்ட முற்றத்துக்குப் போக வேண்டியதுதான். பிள்ளைத்தமிழ் படித்த எங்கட விமர்சகர்களில் ஒருவராவது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், பிள்ளை வளர்ப்பை மொழியும் புத்தியும் தந்திரமும் தேவைப்படும் வேலையாக நாங்கள் எப்போதோ கண்டிருப்போம்.

சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் ஹலீமா நாயகி பாலூட்டியதற்கென்றே ஒரு படலம் ஒதுக்கியிருக்கிறார். பாலூட்டுதல் ஒரு காவியத்தில் இடம்பெறத் தகுந்த செயல் என்பதில் அவருக்குச் சந்தேகமிருக்கவில்லை. குர்ஆனோ இன்னும் நேரடியாகப் பேசுகிறது. ஸூரத்துல் பகராவின் 233ஆவது வசனம் பாலூட்டும் காலத்தை இரண்டு வருடம் என்று கணக்கிட்டு, அந்தக் காலத்தில் தாயின் உணவும் உடையும் தகப்பனின் பொறுப்பு என்கிறது. பிள்ளையின் பேரால் தாயோ தகப்பனோ வருத்தப்படுத்தப்படக் கூடாது என்றும் சொல்கிறது. இங்கே தாய்மையை வானளாவப் புகழும் பேச்சு இல்லை. காலம், செலவு, பொறுப்பு, சக்திக்கு உட்பட்ட சுமை என்று ஒரு வேலையைப் பற்றிப் பேசும் தொனி இருக்கிறது. எமது புனைவுக்கு இந்தத் தொனி வராமல் போனதுதான் ஆச்சரியம்.

தாலாட்டு யாருக்கு?

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் ஊரூராகத் தேடித் தொகுத்திராவிட்டால் எவ்வளவோ அழிந்து போயிருக்கும். அந்த உழைப்புக்கு நன்றி சொல்லிக்கொண்டே ஒன்றைச் சொல்ல வேண்டும். தாலாட்டுகளைப் பற்றி எழுதும்போது நாங்கள் பெரும்பாலும் அவற்றில் உள்ள அல்லாஹ்வின் திருநாமத்தையும் நபி புகழையும் எடுத்துக்காட்டி, "இது எமது பண்பாட்டைக் காட்டுகிறது" என்று முடித்துவிடுகிறோம். தாலாட்டுக்கு இரண்டு காதுகள் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். பிள்ளைக்கு ராகம் போய்ச் சேருகிறது. வார்த்தை போய்ச் சேருவது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு. மாமன் கொண்டுவராத சீர், கடலுக்குப் போனவன் திரும்பாத நேரம், தனக்கு வந்த அலுப்பு எல்லாவற்றையும் ஒருத்தி வாய்விட்டுச் சொல்வதற்கு அனுமதி கிடைத்த ஒரே நேரம் அது. தொட்டில் ஆடும்வரை யாரும் அவவைக் குறுக்கிட முடியாது. இந்த வகையில் தாலாட்டுத்தான் எங்கட பெண்களின் முதல் தன்கூற்று இலக்கியம். இன்று கைபேசியில் கார்ட்டூன் போட்டுத் தூங்க வைக்கும்போது, பிள்ளை ஒரு பாட்டை இழக்கிறது. தாய் ஒரு பேச்சை இழக்கிறா.

இரவல் மாமியார்

இனி இன்றைய கதைகளுக்கு வருவோம். குடும்பக் கதை எழுதப் புகும் எமது எழுத்தாளர் பலர் முதலில் கொண்டுவருவது கொடுமைக்கார மாமியாரை. இந்த மாமியார் தமிழ்நாட்டுச் சினிமாவிலிருந்தும் தொலைக்காட்சித் தொடரிலிருந்தும் கடல் தாண்டி வந்தவர். கிழக்கிலே, குடி முறை நிலவும் ஊர்களில், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பிள்ளை பிறந்து நாற்பது நாளும் காயம் இடித்துக் கொடுப்பதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், பால்சுறா தேடி ஆள் அனுப்புவதும் பெண்ணின் சொந்த உம்மா. ராத்தாவும் சாச்சியும் அடுத்த வளவில். மாமியார் மருமகளை வதைக்கும் கதையை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் அது பொருந்தாது.

அந்த வீட்டில் முரண் இல்லையா? இருக்கிறது. ஆனால் அது உம்மாவுக்கும் மகளுக்கும் இடையிலானது. "ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்" என்று க்ளினிக்கில் மிட்வைஃப் சொன்னதை மகள் பிடித்துக்கொண்டிருப்பா. "நாங்க உங்களயெல்லாம் வளக்கல்லயா?" என்று உம்மா தேனைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பா. யாரும் கெட்டவர்களில்லை. இருவருக்குமே பிள்ளைதான் உயிர். உதவி செய்கிறவவை எதிர்த்துப் பேசவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. இதைவிட நுட்பமான நாடகம் ஒரு கதாசிரியருக்கு வேறெங்கே கிடைக்கும்? கொழும்பில் இரண்டு அறை வாடகை வீட்டில் ஒரு சொந்தக்காரரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை வளர்ப்பவளின் தனிமை இதற்கு நேர்மாறான இன்னொரு கதை. இரண்டையும் எழுதாமல் இரவல் மாமியாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஸல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) எனக்கு ஒரு பாடம். அது தமிழ்நாட்டு முஸ்லிம் ஊரொன்றின் நாவல். அதன் பாலியல் வெளிப்படைத் தன்மை பற்றியே எல்லோரும் பேசினார்கள். நான் அதில் கண்டது வேறு. ராபியா என்ற சிறுமி பெரிய பெண்களின் கால்களுக்கிடையே புகுந்து புகுந்து திரிகிறாள், அவளோடு சேர்ந்து வாசகரும் அந்த அறைகளுக்குள் நுழைகிறார். பெரிய சம்பவம் நடக்கும்வரை நாவல் காத்திருக்கவில்லை. அன்றாடம்தான் அதற்குச் சம்பவம்.

றிஸானாவைப் பற்றி நாம் கேட்காதது

மூதூரைச் சேர்ந்த றிஸானா நபீக் 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரண தண்டனைக்கு உள்ளாக்கப்பட்டபோது எமது கவிஞர்கள் நிறைய எழுதினார்கள். வறுமை, ஏஜென்சி, கடவுச்சீட்டில் கூட்டிப் போடப்பட்ட வயது, மொழி தெரியாத விசாரணை எல்லாம் அக்கவிதைகளில் வந்தன, வரவேண்டியவைதான். நான் வாசித்தவற்றில் வராத ஒன்று உண்டு. வீட்டு வேலைக்கென்று போன பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் நாலு மாதக் குழந்தையையும் பால் போத்தலையும் கொடுத்தது எந்த நம்பிக்கையில்? பெண் பிள்ளை என்றால் அது தானாகத் தெரியும் என்ற நம்பிக்கையில். பாலூட்டிய பிறகு தோளில் போட்டு முதுகைத் தடவ வேண்டும், படுக்க வைத்துப் போத்தலைக் கொடுக்கக் கூடாது, புரையேறினால் எப்படித் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் கற்றுக்கொடுத்து வரும் அறிவு. அதை அறிவென்று கணக்கெடுக்காத நம்பிக்கை அந்த வீட்டில் மட்டும் இல்லை, எங்கட வீடுகளிலும் இருக்கிறது, எங்கட இலக்கியத்திலும் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பை இயற்கை என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்பது வெறும் அழகியல் குறைபாடு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

வடிவம் பற்றி

எனது உறுதியான எண்ணம், இதில் பாதிக் குற்றம் நாம் பழகிய சிறுகதை வடிவத்தினுடையது. ஒரு சம்பவம், ஒரு முறுக்கு, ஒரு முடிவு. சிறு பிள்ளைகளின் தாயுடைய நாள் அப்படி ஓடுவதில்லை. அது அறுந்து அறுந்து ஓடுவது. தேத்தண்ணி ஆறும், திரும்பச் சூடாகும், திரும்ப ஆறும். அஸருக்கு வுழூ எடுத்தவ மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் அவசரமாகத் தொழுவா. ஒன்றும் "நடக்காது". ஆனால் அந்தியில் ஒரு மனிசி அலுத்துச் சோர்ந்திருப்பா. அந்த நாளைச் சொல்ல அறுபடுகிற ஒரு வடிவம்தான் வேண்டும். பின்னால் பிள்ளையின் அழுகை கேட்டால், தாய்க்குக் கஷ்டமாகும் என்று தொழுகையையே சுருக்கிக்கொண்ட நபியின் முன்மாதிரி எங்களிடம் இருக்கிறது. அழுகைக்காக ஜமாஅத்தின் நீளம் மாறலாம் என்றால், எமது கதையின் நீளமும் ஒழுங்கும் மாறுவதற்கு என்ன தடை?

எங்கட வீடுகளில் ஒரு தாயின் உழைப்பை எழுத்தில் பதிந்து வைத்திருக்கும் ஒரே ஆவணம் க்ளினிக் காட்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நிறை எவ்வளவு, கோடு எந்த நிறத்தில் போகிறது, எந்த ஊசி எந்தத் திகதி, திரிபோஷா கொடுக்கப்பட்டதா என்று மாதாமாதம் எழுதியிருக்கும். கோடு கீழே இறங்கிய மாதத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது அதில் இருக்காது. அதை எழுதுவதுதான் இலக்கியத்தின் வேலை.

அதை எழுதக் கூடியவர்கள் எங்கே? எமது எழுத்தாளர் விபரத் திரட்டுகளைப் புரட்டினால் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வரும். பாடசாலைக் காலத்தில் பத்திரிகைகளிலும் வானொலி முஸ்லிம் சேவையிலும் எழுதியவர், "திருமணத்தின் பின் எழுத்துலகிலிருந்து ஒதுங்கினார்." ஒதுங்கினார் என்ற வினையைக் கவனியுங்கள். ஏதோ தானே விரும்பி ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தவர் போல. உண்மையில் அவவுக்கு ஒரே இருப்பில் அரை மணித்தியாலம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். விடயம் தெரிந்தவர்களுக்கு நேரமில்லை. நேரமுள்ளவர்கள் நினைவில் இருந்து எழுதுகிறார்கள்.

எனவே சஞ்சிகை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பூரணமான கதைக்காகக் காத்திராமல், ஒதுங்கியதாக நாங்கள் எழுதி வைத்திருக்கும் அந்தச் சகோதரிகளிடம் அரைப் பக்கம், ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். வசனம் பாதியில் நின்றிருந்தாலும் போடுங்கள். வீட்டிலுள்ள ஆண்களிடம் இன்னொரு வேண்டுகோள். அந்த ஒரு பக்கத்தை அவ எழுதும்வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போங்கள். காகம் அங்கேதான் இருக்கும்.