கருப்பும் ஆரஞ்சும்

ஆரஞ்சுக் கோமாளி மீனுக்குக் கருப்பு மீனை ஜோடியாக விட்டால் சேருமா என்று தொட்டி வைத்திருப்பவர்கள் தயங்குகிறார்கள். தாராளமாகச் சேரும், ஜோடியைத் தீர்மானிப்பது நிறமல்ல, உடல் அளவு. இந்த மீன்கள் முதலில் ஆணாகத்தான் முதிர்கின்றன. பெரியதே பெண்ணாக மாறும், அது இறந்தால் அதன் ஆண் இணை பெண்ணாகிவிடும். பெண்ணானது மறுபடி ஆணாவதில்லை. அதனால் வளர்ந்த இரண்டு பெண்களை ஒரே தொட்டியில் விட்டால், நிறம் ஒன்றாகவே இருந்தாலும், சண்டைதான். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று வாங்குவதே வழி.

இரண்டும் வேறு இனமாயிற்றே என்பார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் டார்வின் கடற்பகுதிக் கருப்பு மீனும், வழக்கமான ஆரஞ்சு மீனைப் போலவே, ஒசெல்லாரிஸ் இனம்தான். முரட்டு மெரூன் கோமாளியைச் சேர்ப்பதென்றால் அந்த ஆட்சேபம் நியாயமே. கண்ணுக்கும் கருப்பு-ஆரஞ்சு ஜோடியே மேல்: ஆரஞ்சில் சாதாரணமாகத் தெரியும் வெள்ளைப் பட்டை, கருப்பில் பளிச்சென்று எழுகிறது.