பழைய உருவும் புதிய வெள்ளியும்

காசு திரட்டும் ஆசிரியர் ஒருவர் அண்மையில் வெள்ளி நாணயம் ஒன்றை என் மேசைமேல் வைத்து, “ஐயா, இது முந்நூறு ஆண்டுப் பழமை” என்றார். ஒரு பக்கம் பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜ். மறுபக்கம் புயலில் தத்தளிக்கும் படகு. அதில் இயேசு துயில்கிறார். “புயலிலும் காப்பு” என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் சுற்றி ஓடுகிறது. இன்றைய சுலோவாக்கியாவிலுள்ள கிரெம்னிட்சா அக்கசாலை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இவ்வகையை அடித்தது. போர்வீரர் இதனைத் தாயத்தாக உடன்கொண்டனர்.

ஆனால் நண்பர் காசின் ஓரத்தில் 999 என்ற எண் இருந்தது. ஆயிரத்தில் 999 பங்கு தூய வெள்ளி என்பது அதன் பொருள். அந்நாளைய காசுகளில் செம்பு கலந்திருக்கும், இவ்வெண்ணும் இராது. ஆகவே இது நம் காலத்துப் பொருளே.

இவற்றைப் போலி என்று ஒதுக்குவாரும் உளர். அவரோடு நான் உடன்படேன். முதற்கண் சொல்லைத் திருத்துவோம். ‘மறுவார்ப்பு’ என எழுதுகிறோம்; அது பிழை. உருக்கி வார்ப்பது கள்ளக்காசு செய்வோர் முறை. இவை அச்சால் அடிக்கப்படுபவை. பழைய அச்சைக் கொண்டே பின்னாளில் அடித்தது ‘மீட்டடிப்பு’. புதிதாய் அச்சு வெட்டி அடித்தது ‘படி’. மூல ஓலைக்கும் படியெடுத்த ஓலைக்கும் உள்ள வேற்றுமையை நாம் அறியாதவரா?

சமயக் காசன்று எனினும், மரியா தெரேசா தாலர் இங்கே உரைகல்லாகும். பேரரசி மறைந்த 1780ஆம் ஆண்டையே தாங்கி, அது பின்னரும் அடிக்கப்பட்டு வந்தது; இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பம்பாய் அக்கசாலையிலும் அடித்தனர். எத்தியோப்பிய, அரபு வணிகர் அதனை நம்பி ஏற்றனர். ஏன்? ஆண்டு பழையதாயினும், ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி என்ற அளவு மாறவில்லை. நண்பர் காசிலோ வெள்ளி உயர்ந்தது, வரலாறு மறைந்தது. விற்றவர் தந்த தாளில் எந்த அச்சு, எந்த ஆண்டு என்ற குறிப்பே இல்லை. குற்றம் காசில் இல்லை, அந்தத் தாளில் இருக்கிறது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டம், பழங்காசின் போன்மைகளில் ‘படி’ என்ற சொல்லைப் பொறிக்கவேண்டும் என்கிறது. அது நல்ல ஏற்பாடு.

படிகளாலும் பயனுண்டு. 1520இல் பொகீமியாவின் யோவாக்கிம்சுதால் என்னும் ஊரில் புனித யோவாக்கிம் உருவோடு அடித்த காசே தாலர் ஆகி, டாலர் ஆயிற்று. நாம் ‘வெள்ளி’ என்று வழங்கும் சிங்கப்பூர் டாலருக்குள்ளும் அவ்வூரின் பெயர் ஒளிந்திருக்கிறது. அதன் மூலக்காசை எம் மாணவர் தொட்டுப் பார்ப்பது எங்ஙனம்?

காசைத் திருப்பித் தந்துவிடலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம், ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், முதலில் அந்த 999ஐக் காட்டுங்கள் என்றேன்.